காணாமற்போன வாத்து

‘யானை, புலி, சிங்கம் என்று பெரிய மனிதர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, சாமான்யர்களையும் கொஞ்சம் கவனிக்கக் கூடாதா?’ என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆகையால் இந்த வாரம் ஒரு வாத்து.

வாத்து என்றதும் உங்களில் பலருக்கு அறுவடையான வயல்தான் ஞாபகத்துக்கு வரும். கதிர் அறுத்துக் கட்டுத் தூக்கியாகிவிட்டது. கையில் நீண்ட கோலோடு ஓர் ஆள் வரப்பில் வருகிறான். அவனுக்கு முன்னால், ஊரெல்லாம் கேட்கும்படி சளசளவென்று வம்பளந்துகொண்டு ஒரு பெரிய வாத்துக் கூட்டம். உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் பொறுக்கித் தின்றுவிட்டு, வயலுக்கு எருவும் போட்டுவிட்டு, அது அடுத்த ஊருக்கு நகர்கிறது. நெல்லுக்கும் வாத்துக்கும் நம் ஊரில் அப்படி ஒரு சிநேகம். நான் சொல்லப்போகிற வாத்தோ நெல்லாலேயே குடி கெட்டது.

அதற்கு முன்னால் வாத்துக்களில் உள்ள ஜாதி வித்தியாசம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வயல் வாத்து தண்ணீரில் மிதக்கும். பசித்தால் தலையை மட்டும் உள்ளே விட்டு, வாலை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, எட்டிய வரைக்கும் துழாவும். முழுக்க முங்கும் வழக்கம் அதற்கு இல்லை. இன்னொரு வகை உண்டு. அது ஆளையே மறைத்துக்கொண்டு முக்குளி போட்டு ஏரியின் அடிக்குப் போய், அங்கே இருக்கும் புழு பூச்சிகளையும் விதைகளையும் தின்றுவிட்டு, வேறோர் இடத்தில் எழும்பும். இதற்கு வசதியாக அதன் கால்கள் உடம்பின் பின்பக்கமாகத் தள்ளி அமைந்திருக்கின்றன. படகுக்குத் துடுப்பு போல. தண்ணீருக்குள் அதனால் ரொம்ப சௌகரியம்; தரையில் நடப்பதென்றால் ரொம்ப அவஸ்தை. பறக்க வேண்டுமென்றாலும் சட்டென்று எழும்ப முடியாது; தண்ணீர் மேலேயே கொஞ்ச தூரம் ஓடித்தான் கிளம்ப வேண்டும். ஆக, ஏரிதான் அதற்கு வீடு, சமையலறை, பிரசவ அறை எல்லாம். வயலில் வந்து பிழைத்துக்கொள் என்று சொன்னால் அதனால் முடியாது.

இந்த முக்குளி வாத்துக்களில் ஒன்று மடகாஸ்கர் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நீளம் அரை மீட்டர் அளவு. ஆணுக்குத் தலையும் கழுத்தும் மார்பும் கரும்பழுப்பில் செம்மை கலந்த நிறம்; வயிற்றில் வெள்ளை. இந்தக் கறுத்த முகத்தில் கண் மட்டும் பளீரென்று வெள்ளையாக இருக்கும். ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவனைப் போல எப்போதும் ஒரு திகைத்த பார்வை! பெண்ணுக்குக் கண் பழுப்பு. நிறமும் கொஞ்சம் மங்கல். விஞ்ஞானிகள் இதற்கு ‘அய்தியா இன்னோடாடா’ என்று பெயர் வைத்து வெகுகாலம் ஆயிற்று. நாம் வெள்ளைக் கண் வாத்து என்றே வைத்துக்கொள்வோம்.

மடகாஸ்கர் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டால் பூகோளப் படத்தில் காட்டுவார்கள். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, இந்து மகா சமுத்திரத்தில், உலகத் தீவுகளில் நாலாவது பெரிய தீவு. அங்குள்ள ஜனங்களின் முன்னோர்கள் அதிகமும் ஆப்பிரிக்காவிலிருந்து மட்டும் வந்தவர்கள் அல்ல. கிழக்கே போர்னியோப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்தவர்களும் உண்டு. வரும்போது நெல்லையும் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் மூன்று வேளையும் சோறுதான். சாப்பிடுவது என்பதற்கே அவர்கள் பாஷையில் ‘சோறு உண்பது’ என்று சொல்லுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு ஒரு விதத்தில் பந்துக்கள்!

அந்தத் தீவின் மிகப் பெரிய ஏரிக்கு அலவோத்ரா என்று பெயர். தலைநகரமான அண்டனனரிவோவுக்கு வடகிழக்கே, மலைகள் சூழ்ந்த மேட்டுச் சமவெளியில் இருக்கிறது. ஏரி பெரிதே தவிர ஆழம் கிடையாது; வெயில் காலத்தில் பல இடங்களில் ஒரு நெட்டை ஆள் நின்றால் தலை தெரியும். சுற்றிலும் கோரையும் நாணலும் காடாக வளர்ந்த சதுப்பு. ஆழமில்லாத தண்ணீர், அடியில் பூச்சிகள், கரையில் ஒளிந்து முட்டையிட அடர்ந்த கோரை. முக்குளி வாத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஜீன் டெலகூர் என்ற பிரெஞ்சுப் பறவை நிபுணர் அந்தத் தீவுக்குப் போன காலத்தில், அதாவது 1930-ஐ ஒட்டி, இந்த வாத்து அங்கே சாதாரணமாகத் தென்பட்ட பட்சிதான்.

ஆனால் வாத்துக்கு ஏற்ற இடம் நெல்லுக்கும் ஏற்ற இடம் அல்லவா? நமக்குத் தஞ்சாவூர் எப்படியோ, மடகாஸ்கருக்கு அலவோத்ரா அப்படி. சதுப்பு வயலாயிற்று. கோரையை வெட்டினார்கள், கொளுத்தினார்கள், வரப்புப் போட்டார்கள். சுற்றியுள்ள மலைகளில் மரம் போயிற்று. அந்த மண் செம்மண். மரத்தின் பிடிப்பு விட்டதும், ஒவ்வொரு மழைக்கும் மலைச்சரிவு வாயைப் பிளந்துகொண்டு சரிகிறது. பெரிய பெரிய செம்பள்ளங்கள். அந்த ஊரில் ‘லவாகா’ என்கிறார்கள். சரிந்த மண் முழுவதும் எங்கே போகும்? ஏரிக்குத்தான். அது தெளிந்த தண்ணீரைக் கலக்கி, அடியில் படிந்து, ஏற்கனவே ஆழமில்லாத ஏரியை இன்னும் மேடாக்குகிறது. வாத்து மட்டுமா பாதிக்கப்படுகிறது? வண்டல் வந்து வாய்க்காலை அடைத்தால் விவசாயிக்கும் நஷ்டம்தான்.

இது ஒரு பக்கம். ஏரிக்குள் நடந்தது இன்னொரு பக்கம். ஜனங்களுக்கு மீன் வேண்டும் என்று வெளியூர் மீன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். கெண்டை இனம் ஒன்று வந்தது. 1950-களில் திலேப்பியா வந்தது. திலேப்பியா என்றால் யாரோ என்று நினைக்காதீர்கள். நம் ஊர்க் குளங்களில் அமர்க்களம் செய்யும் ஜிலேபி மீன்தான்! இது நீர்ச்செடிகளை மேய்ந்து தீர்த்தது. பின்னாளில் ஆசியாவிலிருந்து ஒரு விரால் ஜாதி மீனும் போய்ச் சேர்ந்தது. விராலின் குணம் உங்களுக்குத் தெரியுமே. வாய்க்குள் அடங்குகிற எதையும் அது விட்டுவைக்காது. வாத்துக் குஞ்சானால் என்ன, தவளையானால் என்ன? ஆகாயத்தாமரையும் வந்து மூடிக்கொண்டது. அதைப் பற்றி நான் வர்ணிக்க வேண்டாம். உங்கள் ஊர் ஏரிக் கரையில் போய் நின்றால் போதும்.

எல்லாவற்றுக்கும் மேல் நைலான் வலை. பழைய நூல் வலை உளுத்துப் போகும், கண்ணுக்கும் தெரியும். நைலான் வலை உளுப்பதில்லை. தண்ணீருக்குள் தெரிவதும் இல்லை. மேலே மிதக்கிற வாத்துக்கு இதனால் ஒன்றுமில்லை. முங்குகிற வாத்து என்ன செய்யும்? இரை தேடி உள்ளே போகும். கழுத்தோ காலோ மாட்டிக்கொள்ளும். மூச்சுக்கு மேலே வர முடியாமல் அங்கேயே முடிந்துபோகும். தண்ணீரில் பிழைக்கப் பிறந்த பட்சி தண்ணீரில் மூழ்கிச் சாகிறது! இதே ஏரியில் நம் முக்குளிப்பானுக்கு உறவான ஒரு பறவையும் இருந்தது. சிறகு சிறுத்துப்போய், பறக்கவே அதிகம் முடியாத பிராணி. வேறு ஏரிக்குப் போகவும் வழியில்லை. 1980-களுக்குப் பிறகு யாரும் அதை நிச்சயமாகப் பார்க்கவில்லை. 2010-ல், அந்த இனம் பூண்டோடு அற்றுப்போயிற்று என்று அறிவித்துவிட்டார்கள்.

வெள்ளைக் கண் வாத்துக்கும் அதே கதிதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். 1960 ஜூன் மாதம் அலவோத்ராவில் சுமார் 20 வாத்துக்கள் கொண்ட கூட்டம் ஒன்றைப் பார்த்தார்கள். கூட்டமாகப் பார்த்தது அதுதான் கடைசி. 1989-90-ல் தேடினார்கள், ஊர் ஊராக விளம்பரம் செய்து விசாரித்தார்கள். 1991 ஆகஸ்டில் ஒரே ஓர் ஆண் வாத்து பிடிபட்டது. தலைநகரத்துத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்துக் காப்பாற்றினார்கள். ஜோடி இல்லாத ஒற்றை வாத்து. ஒரு வருஷம் இருந்தது, பிறகு இறந்துவிட்டது. 1993-94-ல் மறுபடி தேடினார்கள். 2000-2001-ல் மறுபடியும். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் 2006-ல் ‘ஒருவேளை அற்றுப்போயிருக்கலாம்’ என்ற பட்டியலில் அதைச் சேர்த்தார்கள்.

அந்த வருஷமே என்ன நடந்தது தெரியுமா? பெரிகிரின் ஃபண்ட் என்ற ஸ்தாபனத்தைச் சேர்ந்த லிலி-அரிசோன் ரெனே டி ரோலாண்ட் என்ற மடகாஸ்கர் விஞ்ஞானி, தம் சகாவோடு தீவின் வடபகுதியில் ஓர் ஒதுக்குப்புறத்தில் அலைந்துகொண்டிருந்தார். அவர் வாத்தைத் தேடிப் போகவில்லை. பூனைப் பருந்து ஒன்றைத் தேடிப் போனார். பேமனேவிகா என்ற அந்த இடத்தில், எரிமலை வாயில் தண்ணீர் நிரம்பி உண்டான ஏரிகள் உண்டு. அவற்றில் மட்சபோரிமேனா என்பது ஒன்று. ‘சிவப்பு ஏரி’ என்று அர்த்தம். அதில் முங்கி எழுந்துகொண்டிருந்தன, வெள்ளைக் கண் வாத்துக்கள்! எண்ணிப் பார்த்தார்கள். பெரியவை 9, குஞ்சுகள் 4. அலவோத்ராவுக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர் வடக்கே, யாரும் தேடாத இடத்தில், யாருக்கும் தெரியாமல் அந்தக் குடும்பம் பிழைத்துக் கிடந்தது.

இத்தோடு கதை சுபமாக முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன்.

அடுத்த இரண்டு மூன்று வருஷங்கள் கவனித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. மொத்தம் சுமார் 20 பெரிய வாத்துக்கள். இன்று பார்த்தாலும் 20, அடுத்த வருஷம் பார்த்தாலும் ஏறத்தாழ அதே கணக்கு. முட்டை இடுகின்றன, குஞ்சு பொரிக்கின்றன, ஆனால் எண்ணிக்கை ஏறவே இல்லை. ஒரு காட்டுத்தீயோ, ஒரு நோயோ, ஒரு புயலோ போதும், இனமே தீர்ந்துபோக. எனவே 2009-ல் ஓர் அவசர காரியத்தில் இறங்கினார்கள். ஜெர்சித் தீவில் உள்ள டர்ரெல் ஸ்தாபனம், இங்கிலாந்தின் நீர்ப்பறவை ஸ்தாபனம், பெரிகிரின் ஃபண்ட், மடகாஸ்கர் அரசாங்கம் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். (டர்ரெல் என்றது ஜெரால்ட் டர்ரெல் ஸ்தாபித்ததைத்தான். அவர் 1990-ல் அலவோத்ராவுக்கே போயிருக்கிறார். கோரைக்குள் வசிக்கும் ஒரு லெமூர் ஜாதியைத் தேடி. அது வேறு கதை.) கூடுகளிலிருந்து முட்டைகளை எடுத்தார்கள். நல்ல பாதை கிடையாது, மின்சாரம் கிடையாது. அண்ட்சோஹிஹி என்ற ஊருக்குக் கொண்டுபோய், வளர்ப்புக் கூடம் தயாராகும் வரையில் ஒரு ஹோட்டலில் வைத்துக் குஞ்சுகளை வளர்த்தார்கள். உலகத்திலேயே மிக அபூர்வமான வாத்துக் குஞ்சுகள் ஹோட்டல் வாசம் செய்த வைபவம் இது! 2012 ஏப்ரலில் அங்கே கட்டிய கூடத்தில் 18 குஞ்சுகள் பிறந்தன. அவற்றோடு சேர்த்து வளர்ப்பில் 60 வாத்துக்கள் ஆயின.

கையில் வளர்ந்த குஞ்சு பிழைக்கிறது. சிவப்பு ஏரியில் தாயோடு இருக்கும் குஞ்சு ஏன் பிழைக்கவில்லை? இதைத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் உட்கார்ந்து கவனித்தார்கள். முதலில் கழுகைச் சந்தேகித்தார்கள், நோயைச் சந்தேகித்தார்கள். காரணம் அதுவல்ல. பிறந்த குஞ்சுகள் இரண்டு மூன்று வாரம் துள்ளிக்கொண்டு திரிகின்றன. பிறகு ஒன்றொன்றாகக் காணாமற் போகின்றன. 100-க்கு 96 இப்படிப் போயின. காரணம் வெறும் பசி.

எரிமலை வாய் ஏரி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கிண்ணம் மாதிரி. கரையிலிருந்து இரண்டடி வைத்தால் கிடுகிடுவென்று பள்ளம். பெரிய வாத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி ஏதோ தேடிக்கொள்ளும். கைப்பிடி அளவு குஞ்சுக்கு அவ்வளவு ஆழத்துக்கு முங்கத் தெம்பு ஏது? அது எட்டக்கூடிய ஓரத் தண்ணீர் மிகக் கொஞ்சம். அதில் உள்ள பூச்சியும் கொஞ்சம். உடம்பு வளர வளர வயிறு பெரிதாகிறது, இரை பெரிதாவதில்லை. தாய் பக்கத்திலேயேதான் இருக்கிறது. அதனால் என்ன செய்ய முடியும்? வாத்து, காக்கை மாதிரி இரை கொண்டுவந்து ஊட்டுகிற ஜாதி இல்லை.

இதில் உள்ள விஷயத்தைக் கவனித்தீர்களா? கடைசி வாத்துக்கள் சிவப்பு ஏரியில் இருந்ததால், சிவப்பு ஏரிதான் அவற்றுக்குப் பிடித்த இடம் என்று யாரும் நினைத்துவிடுவார்கள். உண்மை நேர்மாறு. நல்ல இடங்களையெல்லாம் நாம் எடுத்துக்கொண்டோம். வயலுக்கு ஆகாத, வலை போடத் தோதில்லாத ஒரு மூலை மிச்சமிருந்தது. அங்கே அவை ஒண்டிக்கொண்டன. கலியாண வீட்டில் இடமில்லாமல் திண்ணையில் படுத்தவனைப் பார்த்து, ‘இவனுக்குத் திண்ணைதான் பிரியம்’ என்று சொல்கிற கதை! அந்த மூலையைச் சுற்றி வேலி போட்டுக் காவல் வைத்தால் மட்டும் போதாது. இந்த வாத்துக்கு மறுபடியும் ஆழமில்லாத ஒரு நல்ல ஏரி வேண்டும்.

அலவோத்ரா? அது இப்போதைக்கு நடவாத காரியம். வடக்கிலேயே சோபியா என்று ஓர் ஏரி இருக்கிறது. ஆழமில்லை, கோரை இருக்கிறது, பூச்சி இருக்கிறது. ஆனால் கூடவே மனிதர்களும் இருக்கிறார்கள். அந்த ஏரித் தண்ணீரில்தான் அவர்கள் நெல் போடுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், மாடு மேய்க்கிறார்கள். பரம ஏழைகள். அவர்களைப் பார்த்து ‘வாத்துக்காக எழுந்து போங்கள்’ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? எனக்கு வராது. வாத்து வேண்டுமென்று சொல்பவர்கள் வெள்ளைக்காரர்கள். அடுப்பில் உலை வைக்கிறவள் அந்த ஊர்க்காரி. நல்ல வேளையாக அப்படி யாரும் சொல்லவில்லை. கிராமத்து ஜனங்களோடு வருஷக்கணக்கில் உட்கார்ந்து பேசி, விளைச்சலை எப்படிப் பெருக்கலாம், மீனை எப்படி அளவோடு பிடிக்கலாம், கோரையை எப்படிக் கொளுத்தாமல் விடலாம் என்று ஏற்பாடு செய்வதில்தான் பாதி வேலை கழிந்தது. வாத்தைக் கொண்டுவருவது பிறகுதான்.

இங்கே ஒரு சின்னச் சங்கதி. ஒரே நாற்றாக, இளம் நாற்றாக, இடைவெளி விட்டு நட்டு, எப்போதும் வயல் நிறையத் தண்ணீர் கட்டாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டு நெல் பயிர் செய்யும் முறையை நம் ஊர் விவசாயிகள் அறிவார்கள். ‘ஒற்றை நாற்று நடவு’ என்றும், ‘ராஜராஜன் 1000’ என்றும் அதற்குப் பெயர். ராஜராஜ சோழன் பேரில் ஓடினாலும் அது பிறந்த இடம் மடகாஸ்கர்! 1980-களில் ஹென்றி டி லவுலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்குள்ள ஏழை விவசாயிகளோடு சேர்ந்து கண்டுபிடித்தது. கொஞ்சம் விதை, கொஞ்சம் தண்ணீர், கூடுதல் மகசூல். நெல்லுக்கும் வாத்துக்கும் வழக்கு வந்தால் ஒரு பக்கம்தான் ஜெயிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொன்னேன்.

2018 டிசம்பரில் சோபியா ஏரிக்கு 21 வாத்துக்கள் வந்து சேர்ந்தன. கையில் வளர்ந்த வாத்தைத் திடீரென்று திறந்த ஏரியில் விட்டால், அது பயந்து எங்கேயாவது பறந்துபோய் மாட்டிக்கொள்ளும். இதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். ஸ்காட்லாந்தில் கடலில் மீன் வளர்க்க வட்டமாக மிதக்கும் கூண்டுகள் வைத்திருப்பார்கள். அதே மாதிரிக் கூண்டுகளை ஏரியில் மிதக்கவிட்டு, வாத்துக்களை அதற்குள் கொஞ்ச நாள் குடிவைத்தார்கள். ஏரித் தண்ணீரிலேயே முங்கும். ஏரிக் காற்றையே சுவாசிக்கும். இரையும் அங்கேயே கிடைக்கும். இதுதான் நம் வீடு என்று மனசில் பதிந்த பிறகு கூண்டைத் திறந்துவிட்டார்கள். அவை ஓடிவிடவில்லை. திறந்த ஏரியில் முங்கின, எழுந்தன, தீனி வைத்த மேடைக்குத் திரும்பி வந்தன. பின்னால் அங்கேயே ஜோடி சேர்ந்து குஞ்சும் பொரித்தன.

அபாயம் நீங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. உலகத்து உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பில் இருப்பவை என்ற வரிசையிலேயே இந்த வாத்து இன்னும் நிற்கிறது. அதே வரிசையில் இதற்குத் தாயாதி ஒன்றும் உண்டு. சீனாவிலும் ருஷ்யாவின் கிழக்குக் கோடியிலும் முட்டையிட்டு, பனிக்காலத்தில் வங்காளத்துக்கும் அஸ்ஸாம், மணிப்பூர் ஏரிகளுக்கும் வரும் பேயர் வாத்து. அதற்கும் இதே வியாஜ்யம்தான்: ஏரி, வயல், வலை.

சரி, ரோலாண்ட் தேடிப் போனாரே அந்தப் பூனைப் பருந்து, அது என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதற்கும் காலம் சரியில்லை. அதை அடுத்த வாரம் சொல்கிறேன்.